புகைக்கறி கசக்கிறதா, புகையே ஏறவில்லையா? கட்டையின் அளவிலிருந்து சரிசெய்வது

மூடி போட்ட கரியடுப்பில் கறியைப் புகையில் வேகவைக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மரத்தின் பெயரைத்தான். ஹிக்கரி நல்லதா, ஓக் நல்லதா, ஆப்பிள் மரமா? போய் அடுப்பைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கட்டை ரொம்பப் பெரிதாக இருக்கும். அல்லது நாலைந்தை ஒரே நேரத்தில் போட்டிருப்பார்கள். அல்லது கங்கு சிவக்கும் முன்பே போட்டிருப்பார்கள். வேறு மரம் வாங்கக் காசு வேண்டும். அளவை மாற்ற ஒரு கைக்கோடாரியும் சமையலறைத் தராசும் போதும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மரத்தையோ அடுப்பையோ மாற்றச் சொல்வது கடைசியில்தான் வரும்.

இங்கே சொல்லும் அளவெல்லாம் 57 செ.மீ. விட்டமுள்ள கெட்டில் கிரில்லுக்கு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கொல்லைகளில் சாதாரணமாகக் காணும் உருண்டை அடுப்பு அது. கமாடோ (முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு), ஆஃப்செட் (பக்கத்துப் பெட்டியில் விறகை எரித்து, அதன் சூட்டையும் புகையையும் கறி இருக்கும் அறைக்குள் விடும் அடுப்பு), கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இருக்கும் காய்ந்த ஓக் அல்லது ஹிக்கரித் துண்டு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் வரும். இனி ‘ஒரு கட்டை’ என்று நான் சொல்வது இதைத்தான். கடையில் வாங்கும் பையில் 3 செ.மீ. துண்டும் கிடக்கும், 10 செ.மீ. துண்டும் கிடக்கும். ‘நாலு கட்டை போட்டேன்’ என்றால் அது 100 கிராமா, ஒரு கிலோவா என்று யாருக்கும் தெரியாது. எண்ணாதீர்கள், நிறுத்துப் போடுங்கள். கைமுட்டி அளவுக் கட்டை என்று பலர் சொல்வது 200 கிராமைத் தாண்டும். பெரிய டிரம் அடுப்புக்கு அது பொருந்தும், கெட்டிலுக்குப் பெரிது. இரண்டாகப் பிளந்துவிடுங்கள்.

அடுப்பு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், அதாவது 230 முதல் 265 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும்போது, முழுச் சமையலுக்கும் சேர்த்து நான் தொடங்கச் சொல்லும் அளவு இது:

- மீன், 1 கிலோ: அரைக் கட்டை
- முழுக் கோழி: 1 கட்டை
- பன்றி விலா, 2 வரிசை: 2 கட்டை
- ஆட்டுத்தொடை, 2 முதல் 2.5 கிலோ: 2 கட்டை
- பன்றித் தோள், 3 முதல் 4 கிலோ: 3 கட்டை
- பிரிஸ்கெட் எனும் மாட்டு மார்புக்கறி, 5 முதல் 6 கிலோ: 4 கட்டை

இந்தக் கணக்கு கறியின் எடையைப் பார்த்துப் போட்டதல்ல, அடுப்பில் அது கிடக்கும் நேரத்தைப் பார்த்துப் போட்டது. ஒரு கோழிக்குப் பதில் இரண்டு கோழி வைத்தாலும் அதே ஒரு கட்டைதான். மூடிக்குள் நிறையும் புகை ஒன்றே. அது எத்தனை கறியைச் சுற்றி வருகிறது என்பதால் அதன் கனம் பெரிதாக மாறாது. விருந்து என்று கறியை இரட்டித்தவர்கள் கட்டையையும் இரட்டித்துவிட்டு, ‘போன வாரம் நன்றாக வந்ததே, இன்றைக்கு ஏன் கசக்கிறது’ என்று கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அறிகுறி 1: கறி கசக்கிறது, சாப்பிட்டதும் நாக்கு மரத்துப்போகிறது

அடிக்கடி வரும் கோளாறு இது. பலர் புகைக்கறியையே விட்டுவிடக் காரணமும் இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் சோதனை கண்ணால். மேல் காற்றுத்துளையில் வரும் புகையைப் பாருங்கள். மெல்லியதாக, இளநீலமாக, தெரிந்தும் தெரியாமலும் போனால் தீ சரியாக எரிகிறது. கெட்டியாக வெள்ளையாகவோ, மஞ்சளும் பழுப்புமாகவோ சுருண்டு வந்தால் கட்டை எரியவில்லை, புழுங்குகிறது. கண்ணில் நம்பிக்கை இல்லையென்றால் ஈரப்படுத்திய வெள்ளைக் காகிதத்தை இடுக்கியில் பிடித்து அந்தப் புகையில் சில வினாடி காட்டுங்கள். கரும்புள்ளியோ மஞ்சள் பிசுக்கோ ஒட்டினால் கறியிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

*புகை வெள்ளையாக இருந்தால்*

கறியை எப்போது வைத்தீர்கள்? கட்டை போட்ட முதல் 10, 15 நிமிடம் எந்தக் கட்டையும் வெள்ளைப் புகைதான் விடும். அது இயல்பு. அந்த நேரத்தில் கறி உள்ளே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் சாம்பிராணி போடும்போது கங்கு நன்றாகச் சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகுதானே தூளைத் தூவுகிறோம். அரைகுறைக் கரியில் தூவினால் கண்தான் எரியும். இங்கேயும் அதே வரிசை. கரி சாம்பல் பூக்க வேண்டும். பிறகு கட்டை. புகை நீலமான பிறகு கறி. இந்த வரிசையைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குக் கசப்பு போய்விடும்.

கரியை எதால் பற்றவைத்தீர்கள்? திரவம் ஊற்றிப் பற்றவைத்தால் அதன் மண்ணெண்ணெய் வாடை கறியில் ஏறும். பழி கட்டையின் மேல் விழும். சிம்னி எனும் உலோகக் குழாயில் கரியை நிறைத்து, அடியில் காகிதம் வைத்துப் பற்றவையுங்கள்.

மேல் துளை முழுதாகத் திறந்திருக்கிறதா? வெப்பத்தைக் குறைக்க மேல் துளையை மூடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கறியின் மேல் தார்போலப் படிகிறது. வெப்பத்தைக் கீழ்த்துளையால் கட்டுப்படுத்துங்கள். மேல் துளையைப் பாதிக்குக் கீழ் மூடவே வேண்டாம்.

கட்டையை ஊறவைத்தீர்களா? ஊறவைத்தால் அதிக நேரம் புகையும் என்று பையிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு ராத்திரி ஊறவைத்த கட்டையைப் பிளந்து பாருங்கள். ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் நனைந்திருக்கும், நடு காய்ந்தே இருக்கும். அந்த ஓர ஈரம் ஆவியாகும் வரை கட்டை பற்றாது, கங்கும் குளிரும். நீங்கள் புகை என்று பார்ப்பதில் பாதி நீராவி. காய்ந்த கட்டையையே போடுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை போட்டீர்கள்? கெட்டிலில் எந்த நேரத்திலும் ஒரு கட்டைதான் புகைந்துகொண்டிருக்க வேண்டும், மிஞ்சினால் இரண்டு. நாலு சேர்ந்து பற்ற முயன்றால் இருக்கும் காற்றைப் பங்குபோட்டுக்கொண்டு நாலும் புழுங்கும். மொத்தம் நாலு கட்டை என்றால் நாலையும் நேரத்தில் பிரிக்க வேண்டும். எப்படி என்பது அறிகுறி 3இல் வருகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை அரை மணிக்கு மேல் நீடித்தால் மரம் பச்சை. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டக்’கென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த மரத்தின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு துண்டை நிறுத்து எழுதிவைத்து, ஒரு வாரம் வெயிலில் போட்டு மறுபடி நிறுங்கள். எடை கணிசமாக இறங்கியிருந்தால் அந்த மூட்டை முழுதும் இன்னும் காய வேண்டும். ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி வாங்க முடிந்தால் நல்லது. புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்த்து 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வெட்டிப் பிளந்த ஓக் வெளியில் கிடந்து காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். தெருவில் விழுந்த மரத்தைப் போன மாதம் அறுத்துக் கொண்டுவந்து இந்த மாதம் போட முடியாது.

*புகை நீலமாக இருந்தும் கசந்தால்*

இங்கே நம் வீட்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு: மசாலா. மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு, சர்க்கரை இவை கங்குக்கு நேர்மேலே கிடந்தால் கருகும், கருகினால் கசக்கும். கறியை வெட்டி, உள்சதையைத் தனியாகவும் மேல் தோலைத் தனியாகவும் சுவைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதே மசாலா தடவிய சிறு துண்டை ஒருநாள் கட்டையே போடாமல் வெறும் கரியில் வேகவையுங்கள். அதுவும் கசந்தால் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறியைக் கங்கிலிருந்து தள்ளி வையுங்கள், பூண்டு விழுதை வழித்துவிட்டு வையுங்கள்.

மூடியின் உள்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிகிறதா? அது பெயின்ட் இல்லை. படிந்து கருகிய கொழுப்பும் கரியும். கறியின் மேல் உதிரும். அடுப்பு ஆறிய பிறகு கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள்.

மரப்பட்டையில் பூஞ்சை பூத்திருந்தால் அந்தக் கட்டை வேண்டாம். தளர்ந்த பட்டையை நான் எப்போதும் உரித்துவிடச் சொல்வேன்; காசில்லாத வேலை, கெடுதல் ஒன்றுமில்லை.

கடைசியாகத்தான் மரத்தின் இனம். மெஸ்கீட் மிகக் கடுமையான புகை விடும். மேற்கு டெக்சாஸில் அதைப் பெரும்பாலும் எரித்துக் கங்காக்கி, அந்த அனலில் சுடுவார்கள்; மணிக்கணக்கில் அதன் புகையில் கறியைப் போட்டுவைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்: நம் சீமைக்கருவேலம் மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு. இராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டத்தில் வெந்த சீமைக்கருவேலக் கரி அடுப்புக்கு அருமையான எரிபொருள். ஆனால் கரியாக்காமல் அந்த மரத்தையே கட்டையாகப் புகைக்குப் போடுவதென்றால் மேலே சொன்ன அளவில் பாதிதான், அதுவும் ஆட்டுக்கறிக்கு மட்டும். பச்சையானால் காயவைத்த பிறகுதான். கோழிக்கும் மீனுக்கும் காய்ந்த மா, கொய்யாக் கட்டை சாந்தமாக இருக்கும். கொட்டாங்குச்சியைக் கரியாக்கி எரிபொருளாகப் போடுங்கள். அப்படியே போட்டால் பிசுக்கான புகைதான் வரும்.

பைன், செடார், யூகலிப்டஸ் போன்ற பிசின், எண்ணெய் மரங்கள் வேண்டாம். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பழைய ரயில் கட்டை எதுவும் கூடாது. சரக்குப் பலகைகளில் ‘எம்.பி.’ (MB) என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது என்று பொருள். வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியதற்கு ‘எச்.டி.’ (HT) முத்திரை இருக்கும். ஆனாலும் அதன் மேல் முன்பு என்ன கொட்டியது என்று தெரியாதே. அரளி நச்சு மரம். அதன் குச்சியால் கங்கைக் கிளறக்கூடச் செய்யாதீர்கள்.

எங்கே நிறுத்தி ஆளைக் கேட்பது? மரத்தின் இனம் தெரியவில்லை என்றால் அதை அடுப்பில் வைக்கும் முன் விறகுக்கடைக்காரரிடமோ மரம் வெட்டுபவரிடமோ ஒரு துண்டைக் காட்டுங்கள். பட்டையையும் வெட்டுமுகத்தையும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கும் தெரியவில்லையா, போடாதீர்கள்.

அறிகுறி 2: புகை வாசனையே ஏறவில்லை

சமைத்தவருக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? ஆறு மணி நேரம் புகையில் நின்ற மூக்குக்கு வாசனை மரத்துவிடும். அடுப்புப் பக்கமே வராத ஒருவரிடம் ஒரு துண்டு கொடுங்கள். அல்லது குளித்து, சட்டை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வாரம் கட்டையைக் கூட்டுபவர்கள் நேராக அறிகுறி 1க்குப் போய்ச் சேருவார்கள்.

அவர்களும் இல்லை என்றால் கட்டை உண்மையில் எரிந்ததா என்று சாம்பலைக் கிளறிப் பாருங்கள். ஓரம் மட்டும் கறுத்து, நடு அப்படியே மரமாக இருந்தால் அது கங்கைத் தொடவே இல்லை. கட்டையின் ஒரு முகமாவது சிவந்த கங்கின் மேல் உட்கார வேண்டும்.

கறியை எப்போது காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றினீர்கள்? சுற்றிய பிறகு போடும் கட்டை வீண். புகை அதிகம் பிடிப்பது மேற்பரப்பு குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும் தொடக்க மணிநேரங்களில்தான். ஆகவே கட்டைகளில் பெரும்பங்கு முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எரிந்து முடிய வேண்டும். கறியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக வையுங்கள். வெளியே வைத்துச் சூடேற்ற வேண்டாம். மேல்பக்கம் காய்ந்து மொறுமொறுத்துவிட்டால் அவ்வப்போது தண்ணீரோ வினிகரோ லேசாகத் தெளியுங்கள்.

அடுப்பு 150 டிகிரியைத் தாண்டி ஓடியதா? கறி சீக்கிரம் வெந்துவிடும், புகைக்கு நேரம் இருந்திருக்காது. மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாதீர்கள். அது மேலே இருக்கும் வெப்பத்தைச் சொல்கிறது. கறி கிடக்கும் தட்டில் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். தட்டில் வைக்கும் குச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அடுப்பில் செய்யும் செலவுகளில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் அளவைக் கூட்டுவது. கூட்டும்போது ஒரு தடவைக்கு அரைக் கட்டை மட்டும்.

அறிகுறி 3: முதல் அரை மணி நேரம் புகை, பிறகு ஒன்றுமில்லை

போட்டது சில்லா, கட்டையா? விரல்நக அளவுச் சில்லு 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும். நீண்ட சமையலுக்கு அது பொருந்தாது. மீனுக்கும், சீக்கிரம் வேகும் கோழித்துண்டுக்கும் சில்லு சரி. கெட்டிலில் 5 செ.மீ. கட்டை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் தாங்கும்.

கட்டைதான் போட்டீர்கள், ஆனால் எல்லாம் ஒன்றாகப் பற்றிவிட்டதா? அப்படியென்றால் கரியை அடுக்கும் முறையை மாற்றுங்கள். அடுப்பின் சுவரை ஒட்டி பிரிக்கெட் கரியை (தூளை அழுத்தி ஒரே அளவில் செய்த கரிக்கட்டி) அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என்று அரைவட்டத்துக்குச் சற்று அதிகமாக வரிசையாக அடுக்குங்கள். ஒரு நுனியில் மட்டும் எட்டுப் பத்து சிவந்த கரியை வையுங்கள். தீ அந்த வரிசையில் மெதுவாக நகரும். முதல் கட்டையைப் பற்றிய நுனிக்கு அருகில் வைத்து, அடுத்தடுத்த கட்டையை 10 செ.மீ. இடைவெளியில் கரிமேல் உட்காரவையுங்கள். தீ வந்து சேரும்போது ஒவ்வொன்றும் தன் முறைக்குப் பற்றும். வந்து சேரும் முன்பே சூட்டில் கொஞ்சம் காய்ந்தும்விடுவதால் வெள்ளைப் புகையும் குறையும். வரிசையின் பின்பாதியில் கட்டை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் கறி ஏற்கெனவே காகிதத்துக்குள் இருக்கும்.

கமாடோ வைத்திருப்பவர்கள் கட்டையைக் கரிக்குள் வெவ்வேறு ஆழத்தில் புதையுங்கள். அதில் காற்றோட்டம் குறைவு, கரி மெதுவாக எரியும். மேலே சொன்ன அளவில் முக்கால் பங்கே போதும்.

அறிகுறி 4: கட்டை தீப்பிடித்துக் கொழுந்துவிடுகிறது, வெப்பம் எகிறுகிறது

மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? திறந்த மூடியில் எந்தக் கட்டையும் கொழுந்துவிடும். மூடினால் ஓரிரு நிமிடத்தில் அடங்கும்.

மூடியும் அடங்கவில்லையா? மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கீழே சாம்பல் கிண்ணம் சாய்ந்து காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு கீழ்த்துளையைக் கால்பங்கு அளவுக்குக் குறையுங்கள். துண்டு சிறிதாக, சூளையில் உலர்த்தியதாக, மிக லேசாக இருந்தால் வேகமாகப் பற்றும். அதற்குத் தண்ணீரில் முக்குவது தீர்வல்ல. கொஞ்சம் பெரிய துண்டாக, 7 செ.மீ. அளவில், ஒன்றே ஒன்று வையுங்கள். இந்த ஓர் அறிகுறியில்தான் பெரிய கட்டைக்கு என் ஓட்டு.

ஆஃப்செட் அடுப்பில் கதையே வேறு. மத்திய டெக்சாஸில், லாக்ஹார்ட் போன்ற ஊர்களில், போஸ்ட் ஓக் விறகு வெறும் வாசனைக்கல்ல, எரிபொருளே அதுதான். விறகு எரியும் பெட்டியில் சின்னக் கொழுந்து நின்று எரிய வேண்டும். கொழுந்து அணைந்தால்தான் அங்கே கசப்பு. அதற்கு மணிக்கட்டுப் பருமன், 30 முதல் 40 செ.மீ. நீளம் உள்ள பிளந்த விறகை, முக்கால் மணிக்கு ஒன்று என்று போடுவார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே கணக்கில் கெட்டிலில் மரத்தைக் குவிப்பதால் வரும் வினை கொஞ்சநஞ்சமல்ல. அங்கே காற்று தாராளமாக ஓடுகிறது, இங்கே ஓடாது.

தீ கட்டையிலிருந்து இல்லாமல் சொட்டிய கொழுப்பிலிருந்து வந்தால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் எல்லாத் துளையையும் மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கறிக்குக் கீழே கங்கில்லாத பக்கத்தில் ஒரு தகரத்தட்டு வைத்தால் அடுத்த முறை இது வராது. அடுப்புக்கு வெளியே எதையாவது பற்றிவிட்டால் கறியை மறந்துவிட்டுத் தீயணைப்புத்துறையை அழையுங்கள்.

அறிகுறி 5: கட்டை போட்டதும் வெப்பம் இறங்குகிறது, கங்கு அணைகிறது

குளிர்ந்த பெரிய கட்டை சின்னக் கங்கின் மேல் உட்கார்ந்தால் அதை அமுக்கிவிடும். இரண்டாகப் பிளந்து, மேலே போடாமல் கங்கின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். கட்டையை அடுப்பின் மூடிமேல் கால்மணி வைத்துச் சூடாக்கிப் போடுவது இன்னும் நல்லது. பிறகு சாம்பல் கீழ்த்துளையை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். நீண்ட சமையலில் நடுவே வெப்பம் சரிந்தால் பாதி நேரம் இதுதான் காரணம். கரி நமுத்துப்போயிருந்தால் அந்த மூட்டையை வெயிலில் பரப்புங்கள்.

இன்னொன்று: பன்றித் தோளும் பிரிஸ்கெட்டும் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்கு இடையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அது கறியின் இயல்பு. அடுப்பு அணைகிறது என்று நினைத்து அப்போது கட்டை மேல் கட்டை போடாதீர்கள். தட்டு வெப்பமானி 110 காட்டினால் அடுப்பு சரியாக இருக்கிறது.

நிஜமாகவே கங்கு அணைந்து கறி வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் நேரத்தைக் கணக்கிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்த கறியைக் குப்பையில் போடுங்கள். எத்தனை விலை கொடுத்திருந்தாலும் சரி, குழந்தைகள் சாப்பிடப்போகும் கறி அது.

அறிகுறி 6: கோழி மட்டும் கறுத்து, தோல் ரப்பராகிறது

பன்றிக்கும் மாட்டுக்கும் போட்ட அளவைக் கோழிக்குப் போட்டிருக்கிறீர்கள். கோழித்தோல் புகையைச் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் கறுக்கும். ஒரு கட்டை, அதுவும் ஆப்பிள், செர்ரி, மா, கொய்யா வகையில். ரப்பர்த்தோலுக்குக் காரணம் கட்டை இல்லை, குறைந்த வெப்பம்: அடுப்பை 150 முதல் 165 டிகிரிக்கு ஏற்றுங்கள், தோலின் ஈரத்தை முன்பே துடைத்து உலரவிடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி வந்ததா என்று குத்திப் பார்த்து எடுங்கள். புகையில் வெந்த கோழி எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கலாம். நிறத்தை வைத்து வெந்ததையோ வேகாததையோ முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி 7: வெட்டினால் சிவப்பு வளையம் இல்லை

கட்டையைக் கூட்ட வேண்டாம். அந்த வளையம் எரியும் கரியிலும் மரத்திலும் வரும் வாயுக்களால் ஆன நிறம். ருசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குளிர்ந்த கறியை வைத்து, தொடக்கத்தில் மெதுவாக வேகவைத்தால் தானே வரும். வராவிட்டாலும் கறியில் குறையொன்றுமில்லை.

அறிகுறி 8: கேஸ் அல்லது மின்சார அடுப்பில் கட்டை புகையவே மாட்டேன் என்கிறது

இவற்றின் தட்டு பெரிய கட்டையைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகாது. இங்கே சில்லுதான். கேஸ் அடுப்பில் ஒரு கைப்பிடி, சுமார் 40, 50 கிராம், அலுமினியத் தாளில் மடித்து நாலைந்து துளையிட்டு பர்னருக்கு நேர்மேலே வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு பொட்டலம், மொத்தம் இரண்டோ மூன்றோ. மின்சார அடுப்பில் அதன் தட்டு கொள்ளும் அளவுக்கு மேல் அமுக்காதீர்கள். தட்டு நிரம்பினால் காற்று போகாமல் சில்லு கரியாகிக் கிடக்கும்.

சில்லு சரியாக இருந்தும் தட்டு சூடேறவில்லை என்றால் மின்சார அடுப்பின் சூடேற்றும் சுருளோ கட்டுப்பாட்டுப் பகுதியோ போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்பணியாளரிடம் கொடுங்கள். கேஸ் அடுப்பில் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் உருளையை மூடிவிட்டு கேஸ் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது.

இந்த இடத்தில் கட்டையை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

அளவு, காற்று, ஈரம் மூன்றையும் சரிசெய்தும் மூடியின் விளிம்பிலும் இணைப்புகளிலும் புகை கசிந்து, வெப்பம் கட்டுக்குள் வரவில்லையா? கெட்டிலில் மூடி நெளிந்திருக்கும். கமாடோவில் விளிம்பு நாடா தேய்ந்திருக்கும். நாடாவை நீங்களே மாற்றலாம். கமாடோவின் பீங்கான் உடலில் குறுக்கே வெடிப்பு ஓடினால் அதில் தீ மூட்டாதீர்கள், வாங்கிய இடத்தில் உத்தரவாதத்தைக் கேளுங்கள். ஆஃப்செட்டில் விறகு எரியும் பெட்டியின் கதவு வளைந்திருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். கூட்டிக் குறைக்கும் கட்டையால் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

மழை வருகிறது, குளிர் அடிக்கிறது என்று கரியடுப்பை வண்டிக் கொட்டகைக்குள்ளோ மூடிய பால்கனிக்குள்ளோ ஒருபோதும் இழுக்காதீர்கள். கட்டை எரிந்து முடிந்து புகை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்பருகில் இருந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஒன்றாக வந்தால் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உடனே அவசர உதவியை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000.